மாஸ்டர் எண்ணிய நாடி

நாடி ஐம்பதுக்குக் கீழே போனால் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவாளா, இல்லை வெறுமனே அமைதியாகிவிடுவாளா? இதை யாரிடம் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடி, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணும்போது குறுக்கே பேசினால் அவருக்குப் பிடிக்காது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"நாற்பத்தெட்டு," என்றார் கணவர், கண்ணைத் திறந்து. பிள்ளை கோட்டை விட்டதைப் பெற்றவர்களிடம் சொல்லும் வாத்தியார் குரல். "நேத்தும் இதேதான். ஏற மாட்டேங்குது."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். பிறகு, தன் இதயம் மெதுவாக ஓடுவதற்குத் தான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மனதுக்குள் அவளுக்கும் அவர் மாஸ்டர்தான். விசிலைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார்; ஸ்டாப்வாட்சை ஒப்படைக்கவில்லை. பால் பொங்கும் நேரத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பும் நேரம் வரை அதற்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. இப்போதும் விடிவதற்கு முன் எழுந்து ஏரிக்கரையைச் சுற்றி ஓடிவிட்டு வருவார். வேர்க்காது. அதில் அவருக்குப் பெருமை.

அவளுடைய பித்தப்பையில் கல் சேர்ந்து, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கற்களை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். மாஸ்டர் அதை வருகிறவர்களுக்கெல்லாம் போட்டியில் வாங்கிய கோப்பையைப்போலக் காட்டினார். கல் போய்விட்டது, ஆனால் மேஜையில் படுத்திருந்தபோது ஏறிய ரத்த அழுத்தம் இறங்காமல் நின்றுவிட்டது. அதற்கு ஒரு மாத்திரை எழுதினார் டாக்டர். அழுத்தத்தோடு சேர்த்து இதயத்தின் வேகத்தையும் இது கொஞ்சம் குறைக்கும், தினமும் நாடி பாருங்கள், ஐம்பதுக்குக் கீழே இறங்கினாலோ தலை சுற்றினாலோ தெரிவியுங்கள் என்றார். எப்படிப் பார்ப்பது என்று காட்டிக் கொடுக்க ஒரு நர்ஸ் கட்டிலருகே வந்தார். மாஸ்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"நீங்க சிரமப்பட வேண்டாம், சிஸ்டர். ஓடிட்டு வர்ற பசங்களுக்கு ஆயுசு பூரா நாடி பார்த்தவன் நான். என் பசங்க ஒவ்வொருத்தனுக்கும் குதிரை மாதிரி இதயம். ஓடி முடிச்சதும் பிடிச்சுப் பார்த்தா ஓடாதவன் மாதிரி இருக்கும்."

நர்ஸ் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையிலேயே மாஸ்டர் ஏரிக்கரையிலிருந்து திரும்பி, குளித்து, பேப்பர் படித்து முடித்ததும் அவளருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற மாதிரி கட்டை விரலை அவள் மணிக்கட்டில் ஊன்றினார். நாற்பத்தெட்டு. மறுநாளும் அப்படியே. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். தலை சுற்றுகிறதா, மயக்கம் வருகிறதா என்று கேட்டார்கள். இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றார். சுற்றினால் உடனே வாருங்கள், இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து வரும்போது டாக்டர் பார்க்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு வாரத்துக்குள் நாடியைத் தேற்றிவிடுவது என்று மாஸ்டர் முடிவு செய்தார். போட்டிக்கு முன்னால் சோனிப் பையனைத் தேற்றிய அனுபவம் அவருக்கு நிறைய உண்டு.

ஆனால் அவர் கவலைப்பட்டது நாடிக்காக மட்டும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். நாடி இறங்கியதோடு இன்னொன்றும் நடந்திருந்தது. அவள் முடியாது என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

அதற்கு முன்னால் அவளுக்கு அது வராது. யாராவது எதையாவது கேட்டால் நெஞ்சுக்குள் கொட்டு முழங்க ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தை நிறுத்துவதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி சரி என்று சொல்வது. சொன்னதும் அடங்கிவிடும். அப்படிச் சரி சொல்லித்தான் ஜன்னல் பக்கத்து அறை நாத்தனாருக்குப் போனது. நீச்சல் கற்றுக்கொள்ளப் பணம் கட்டிய வகுப்பு, மாஸ்டரின் மாணவன் ஒருவன் நடத்திய வாலிபால் பயிற்சியாக மாறியது. அதில் அவள் கோட்டோரம் உட்கார்ந்து பந்து பொறுக்கிக் கொடுத்தாள்.

ஆபரேஷன் முடிந்து வந்த வாரம் நாத்தனார் பார்க்க வந்தாள். மாஸ்டருக்கு அக்கா, அதே தெருக்கோடியில் வீடு. ஜன்னல் அறையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதென்று தன் வீட்டுக்கே போய்விட்டவள். நீதான் இனிமேல் குனிந்து நிமிரப் போவதில்லையே, உன் தையல் மெஷினை நான் எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள்.

அவள் காத்திருந்தாள். கொட்டு முழங்கவில்லை. நெஞ்சுக்குள் மழை விட்ட முற்றம்போல் ஒரு நிசப்தம். "வேண்டாம் அண்ணி," என்றாள். "எனக்கு வேணும்."

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள். தம்பியைப் பார்த்தாள். "இது அவ பேசலைடா," என்றாள் தாழ்ந்த குரலில். "மாத்திரை பேசுது."

அன்றிலிருந்து அவள் சொன்ன ஒவ்வொரு முடியாதும் மாத்திரையின் கணக்கில் எழுதப்பட்டது. அவளுக்கே அதில் சந்தேகம் இருந்தது. இந்த அமைதி தன்னுடையதுதானா, இல்லை காலையில் தண்ணீரோடு விழுங்குகிற ஒரு வெள்ளை வட்டத்தினுடையதா? கடையில் வாடகைக்கு எடுத்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல், அந்த நிதானத்தில் அவள் சற்றுக் கூச்சத்தோடுதான் நடமாடினாள்.

பிறகு மகள் கேட்டாள்.

மகள் வேறு ஊரில் இருந்தாள். கைக்குழந்தை, வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அப்பாவும் அம்மாவும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஒரேயடியாகத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றாள். மாஸ்டர் அதற்கு ஏற்கெனவே சரி சொல்லிவிட்டிருந்தார். மகள் வீட்டெதிரே புல் முளைத்த பெரிய மைதானம் இருந்தது. அதில் ஓடுவதற்கு ஒழுங்கான ஆள் இல்லை என்று மருமகன் சொல்லியிருந்தான்.

அவளுக்கோ கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக்கண்ணாடி. வில்லையைச் சட்டத்துக்கேற்ப விளிம்பில் தேய்த்துப் பொருத்துவது, வாடிக்கையாளரை எதிரே உட்காரவைத்து விழியின் மையம் வில்லையில் எங்கே வருகிறதென்று புள்ளி வைப்பது, காதுக்குப் பின்னால் கொக்கியைச் சூடு காட்டி வளைப்பது. எந்த மூக்கும் நேராக இல்லை. எந்த இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை. தன் முகம் கோணல் என்று தெரியாமலே ஒருவர் கடையை விட்டுப் போகிறார் என்றால் அவள் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பகல்களில்தான் அவள் யாருக்கும் எதுவுமாக இல்லாமல் அவளாக இருந்தாள். கடைக்காரம்மா அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிடு, அதற்குமேல் என்னால் காத்திருக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

"குழந்தையைப் பார்க்க அடிக்கடி வர்றேன்," என்றாள் மகளிடம் போனில். "லீவு போட்டு வந்து தங்கறேன். ஆனா ஒரேயடியா வரலை."

மகள், "அப்பாகிட்ட குடும்மா," என்றாள். அப்பாவிடம் அவள் கேட்டது இவளுக்கும் கேட்டது. "அந்த மாத்திரையை எப்பப்பா நிறுத்துவாங்க?"

அன்றுதான் தேற்றும் பணி தொடங்கியது.

முதலில் படிக்கட்டு. வெட்டிய இடம் ஆறிவிட்டது, நடக்கலாம், ஏறலாம் என்று டாக்டரே சொல்லியிருந்ததால், மொட்டை மாடிக்குப் போகும் படிகளின் உச்சியில் ஸ்டாப்வாட்சோடு நின்றுகொண்டார் மாஸ்டர். அவள் ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. காதுக்குள் திடும் திடும் என்று அடித்தது. மாஸ்டர் அவள் கையைப் பிடித்து, கண்ணை மூடி, எண்ணி, முகம் வெளிறினார்.

"ஏறி வந்தும் அசையலையே."

"எனக்கு நல்லா அடிக்குதுங்க," என்றாள் அவள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து. "காதுலயே கேக்குது."

"அது பிரமை," என்றார். "நான் கையில பிடிச்சுக்கிட்டிருக்கேன், நீ காதுல கேக்குதுங்கறே."

நாத்தனார் கீழேயிருந்து, மூச்சு வாங்கியும் நாடி அசையவில்லையென்றால் இதயம் எங்கோ அயர்ந்து தூங்குகிறது என்று அர்த்தம், அதை எழுப்ப வேண்டும் என்றாள். எழுப்புவதற்கு நாத்தனாரிடம் மருந்து இருந்தது: டிகாக்ஷன் கறுப்பாக இறங்கிய காபி, சர்க்கரை தூக்கலாக. அவளுக்குக் காபியே அதிகம் ஆகாது. தனியாகக் குடிக்க மாட்டேன் என்றதால் மாஸ்டர் துணைக்கு உட்கார்ந்து தானும் ஒரு டம்ளர் குடித்தார். ஆயுளில் காபி குடிக்காத மனிதர். குடித்துவிட்டு நாடி பார்த்தார். அறுபத்திரண்டு.

வீட்டில் அன்று ஒரு சின்னக் கொண்டாட்டமே நடந்தது. அன்றிலிருந்து காலை, முற்பகல், மாலை என்று காபி வந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கஷாயம்போல் குடித்தார்கள். நாடி ஏறியது. தூக்கம் போயிற்று. படுக்கையில் இரண்டு பேரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். மாஸ்டருக்குக் கை லேசாக நடுங்கத் தொடங்கி, ஏரிக்கரையில் முதன்முறையாக வேர்த்தது. உன் கவலையில் எனக்கே உடம்பு கெட்டுவிடும் போலிருக்கிறது என்றார். காபி நின்றது. நாடி மறுபடியும் நாற்பத்தெட்டில் போய் உட்கார்ந்தது.

மகள் கூரியரில் ஒரு கைக்கடிகாரம் அனுப்பினாள். கட்டிக்கொண்டால் நாடியைத் தானே காட்டும். அவள் கையில் கட்டியதும் எழுபத்தொன்று காட்டியது. மாஸ்டர் தன் ஸ்டாப்வாட்சை எடுத்து, அவளுடைய மற்றக் கையைப் பிடித்து எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்பது. கடிகாரத்தைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்து மூடினார். விளையாட்டுச் சாமான், இதை நம்பியிருந்தால் உன்னை நான் இழந்திருப்பேன் என்றார். அந்தக் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. அவளுக்கும் நெகிழ்ந்தது. கல்யாணமான புதிதில்கூட அவர் இவ்வளவு நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

அதனால்தான் அடுத்து நடந்தது அவளை அப்படி அசைத்துவிட்டது.

மாலை. வழக்கம்போல் கையைப் பிடித்திருந்தார். எண்ணி முடிக்கும் தறுவாயில் மகளிடமிருந்து போன். மாஸ்டர் மற்றக் கையால் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். வாடகைக்கு வருகிற குடும்பம் முன்பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறதாம், அம்மா என்ன சொல்கிறாள் என்றாள் மகள்.

"நான் முன்னாடியே சொல்லிட்டேனே," என்றாள் அவள். "வீட்டை வாடகைக்கு விட வேண்டாம். நான் கடைக்குப் போறேன்."

உள்ளே அதே நிசப்தம். அதே மழை விட்ட முற்றம். ஆனால் மாஸ்டரின் முகம் மாறியது. அவர் விரல் இன்னும் மணிக்கட்டில் இருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டாப்வாட்சை அமுக்கி, திரும்ப எண்ணினார். தொண்ணூற்றாறு.

"பார்த்தியா," என்றார். "வரலைன்னு வாயால சொல்றே. உள்ள எப்படி அடிச்சுக்குது பாரு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு எப்படித் தெரியும்? நாடியைப் பிடிச்சவனுக்குத்தான் தெரியும்." சற்று யோசித்தார். டிரில் மாஸ்டர், எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிறவர் இல்லை. "சரின்னு ஒரு தடவை சொல்லு. சும்மா, சொல்லிப் பாரு."

"சரி," என்றாள்.

அவர் எண்ணினார். எண்ண எண்ண அவருடைய புருவம் இறங்கியது, தோள் இறங்கியது. "அறுபதுக்கு வந்துடுச்சு," என்றார், மூச்சை விட்டு. "இப்ப வரலைன்னு சொல்லு."

"வரலை."

எண்பத்தெட்டு.

மாஸ்டர் அவள் கையை மெல்ல மடியில் வைத்துவிட்டு, மிகுந்த கருணையோடு அவளைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லலைம்மா," என்றார். "உன் இதயமே சொல்லுது."

அன்று இரவு அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அதை நினைத்துப் பார்த்தாள். நிசப்தம் என்று தான் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் மேல்பூச்சா? சுண்ணாம்பு அடித்த சுவருக்குள் கறையான் ஓடுவதுபோல், பயந்த பழைய பெண் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கிறாளா, தனக்குச் சொல்லாமல்? மாத்திரை அவள் பயத்தை அகற்றவில்லை. பயப்படுகிறோம் என்று தெரியாதபடி செய்திருக்கிறது. தன் மனதில் ஓடுவது தனக்கே தெரியாமல், கையைப் பிடித்த மனிதருக்குத் தெரிகிறது என்றால், இனி எதை நம்பி அவள் முடியாது என்று சொல்வாள்? இத்தனை வருடங்களில் முதல்முறையாக ஒரு வீடு தனக்கென்று கிடைத்ததுபோல் இருந்தது. இப்போது அதன் பத்திரம் வேறு பெயரில் இருக்கிறதென்று யாரோ வந்து சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் கடைக்குப் போனாள், இனி வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட. கடைக்காரம்மா உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, மாடிப்படி இறங்கும்போது தரை மேலே வருகிறது என்று கடைப் பையனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். பையன் வில்லை சரியாகத்தான் இருக்கிறது என்றான். அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். பெரியவரை உட்காரச் சொல்லி, நேராகத் தன் முகத்தைப் பார்க்கச் சொன்னாள். சட்டம் மூக்கில் ஒரு நூலளவு கீழே உட்கார்ந்திருந்தது. மூக்குத் தாங்கியை இடுக்கியால் கொஞ்சம் நெருக்கினாள். வலது கொக்கியைச் சூட்டில் காட்டி வளைத்தாள். பெரியவர் போட்டுக்கொண்டு தெருவுக்கு இறங்கும் படியில் ஒருமுறை இறங்கி, ஒருமுறை ஏறி, மறுபடி இறங்கி, திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார்.

அவள் ஸ்டூலில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கடைக்காரம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் மாஸ்டரிடம் ஒன்று சொன்னாள். டாக்டரும் என் நாடி அப்படித்தான் இருக்கிறது, இந்த முடியாது என் உடம்புக்கு ஆகாது என்று சொன்னால், நான் வந்துவிடுகிறேன்.

மாஸ்டர் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். அன்று ஐம்பது காட்டியது. நல்ல சகுனம் என்றார்.

டாக்டர் இளவயதுக்காரர். வயிற்றில் தழும்பைப் பார்த்தார், அழுத்தம் பார்த்தார், மார்பிலும் கைகால்களிலும் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைத் தாளில் கோடாக எடுத்தார். எல்லாம் அருமையாக இருக்கிறது, நாடி எழுபது, இதே மாத்திரையை இன்னும் கொஞ்ச நாள் தொடரலாம் என்றார்.

மாஸ்டர் மறுத்தார். வீட்டில் ஒருபோதும் ஐம்பதைத் தாண்டாது, தாண்டினால் விபரீதமாகத் தாண்டும் என்று, ஒவ்வொரு நாளின் எண்ணையும் மனப்பாடமாக ஒப்பித்தார். டாக்டர் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மாத்திரையால் நாடி குறையலாம்தான். ஆனால் இவ்வளவு சின்ன அளவில் இப்படிக் குதிக்காதே என்றார்.

அவளுக்குக் கேட்க ஒன்று இருந்தது. இரண்டு பேரும் பேசி ஓயும்வரை காத்திருந்து கேட்டாள்.

"டாக்டர், இந்த மாத்திரை சாப்பிட்டா முடியாதுன்னு சொல்ல வருமா?"

"என்ன முடியாதுன்னு?"

"பொதுவா. யாராவது ஏதாவது கேட்டா."

டாக்டர் பேனாவை மூடினார். "படபடப்பு கொஞ்சம் அடங்கும்," என்றார். "முடியாதுன்னு சொல்றது நீங்கதாம்மா சொல்லணும். அதுக்கு ஒரு மாத்திரை இருந்தா, இந்த ஆஸ்பத்திரியில நான்தான் முதல்ல சாப்பிடுவேன்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருக்கு எண் வேண்டியிருந்தது. சரி, வெளியே சற்று உட்காருங்கள், சிஸ்டர் இன்னொரு தடவை பார்த்து என்னிடம் சொல்லட்டும் என்று அனுப்பிவிட்டார் டாக்டர்.

வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். நர்ஸ் வந்தார். தடித்த, வேலை அலுத்த பெண்மணி. யாருக்கும் அதிகப்படியாக ஒரு வார்த்தை செலவழிக்காத முகம். அவள் மணிக்கட்டில் மூன்று விரல் நுனிகளை லேசாக வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். "எழுபத்திரண்டு," என்றார்.

"இருக்கவே முடியாது, சிஸ்டர்," என்றார் மாஸ்டர். அவமானத்தைவிட அதிகமாக அதில் பயம்தான் இருந்தது. "தப்பா நினைக்காதீங்க. நான் பார்க்கிறேன், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க." ஸ்டாப்வாட்சை எடுத்தார். மனைவியின் கையை வாங்கினார். கட்டை விரலை ஊன்றினார். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். "ஐம்பத்திரண்டு," என்றார், கண் திறந்து. "நீங்களே பார்த்தீங்க."

நர்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவளுடைய கையை அல்ல. மாஸ்டரின் மற்றக் கையைத் தூக்கி, அதில் தன் விரல் நுனிகளை வைத்து, மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். வராந்தாவில் யாரோ இருமினார்கள். ஒரு தள்ளுவண்டி கடகடத்துப் போனது.

"உங்களுக்குத்தான் சார் ஐம்பத்திரண்டு," என்றார் நர்ஸ். "கட்டை விரல்லயே நமக்கு ஒரு நாடி ஓடும். அதால பிடிச்சா அடுத்தவங்களுது தெரியாது. இத்தனை நாளா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்க எண்ணினது உங்க நாடியைத்தான்."

சொல்லிவிட்டு, எண்ணை டாக்டரிடம் சொல்ல உள்ளே போனார்.

மாஸ்டர் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குதிரை இதயம் கொண்ட அத்தனை பையன்களும் வரிசையாக அவர் கண்ணெதிரே ஓடிக் கடந்திருக்க வேண்டும். பிறகு அந்த மாலை வந்திருக்க வேண்டும்: வரலை, தொண்ணூற்றாறு; சரி, அறுபது; வரலை, எண்பத்தெட்டு. காது மடல் சிவந்தது. அவள் பக்கம் திரும்பாமலே, "நான்தான் அவ்வளவு பயந்தேனா?" என்றார், யாரிடமோ கேட்பதுபோல.

அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டாள். ஒரு மனிதர் தினமும் காலையிலும் மாலையிலும் இவ்வளவு அக்கறையோடு அவள் கையைப் பிடித்துக் கேட்டது தன் நாடியையே என்றால், அதற்குக் கோபப்படுவது எப்படி?

போன் அடித்தது. மகள். மாஸ்டர் எடுத்து, "ம்" என்றார், "பார்த்தாச்சு" என்றார், பிறகு "அம்மாகிட்டயே கேளு," என்று அவளிடம் நீட்டினார். அப்படி அவர் நீட்டியதில்லை.

"அம்மா, டாக்டர் என்ன சொன்னார்? எல்லாம் சரியாயிடுச்சில்ல? இனிமே கிளம்பறதுல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நர்ஸ் செய்ததுபோல் வலது கையின் விரல் நுனிகளைத் தன் இடது மணிக்கட்டில் வைத்தாள். முதலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. கொஞ்சம் நகர்த்தினாள். கிடைத்தது. நிசப்தம் ஒன்றும் இல்லை. குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. பயந்திருந்தது, பாவம்.

அவள் அதை நிறுத்த முயலவில்லை. ஓடட்டும் என்று விட்டாள். விரலடியில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, மெதுவாகச் சொன்னாள்:

"இல்லடா கண்ணு. நான் வரலை."